தக்காளி கிரேடில் கம்ப்யூட்டர்

அமுதவல்லியின் கம்ப்யூட்டருக்கு வெயில் ஆகாது. மாமியார் மாதம்மாளுக்கும் ஆகாதுதான். ஆனால் மாதம்மாள் அதைக் காலையிலிருந்து ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருப்பாள். கம்ப்யூட்டர் அப்படியில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல், வேலை முக்கால்வாசி முடிந்த நேரமாகப் பார்த்துப் பட்டென்று அணைந்துவிடும்.

மாரண்டஹள்ளியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் உள்ளே போனால் அவர்கள் வீடு. முன்னால் தக்காளித் தோட்டம், பின்னாலும் தக்காளித் தோட்டம். வீட்டை ஒட்டினாற்போல் ஷீட் கூரை போட்ட ஓர் அறை. பூச்சி மருந்து, உர மூட்டை, தக்காளி அடுக்குகிற காலி கிரேடுகள் என்று எல்லாமே அதில்தான் இருக்கும். அவற்றோடு சண்டை போட்டு ஒரு மூலையைப் பிடுங்கி அமுதவல்லி மேசை போட்டிருந்தாள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். இதுவரைக்கும் பாலக்கோட்டு ஸ்டுடியோக்காரர்களுக்குத்தான் செய்தாள். ராத்திரி பகலாக உட்கார்ந்து இவள் செய்வாள். படம் முடிகிற இடத்தில் அவர்கள் பேர் பூப்போட்டு வரும்.

கம்ப்யூட்டரை ஓசூரில் வாங்கினாள். விற்ற ஆள், "இதுதான் மேடம் இப்ப டிரெண்டு" என்று பெட்டியின் கண்ணாடியைத் தட்டிக் காட்டினான். முன்பக்கம் கண்ணாடி, பக்கத்தில் கண்ணாடி, உள்ளே மாரியம்மன் திருவிழா கணக்காகச் சிவப்பு, பச்சை, நீலம். எல்லாவற்றையும் யோசித்த மகராசன்கள் காற்று எந்த வழியாக உள்ளே வரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. ஏசி அறையில் உட்கார்ந்திருந்தவன் செய்த பெட்டி. சித்திரை மாதத்தில் ஷீட் கூரைக்குக் கீழே அது அடுப்பாக இல்லாமல் வேறு என்னவாக இருக்கும்?

அந்தச் சித்திரையில்தான் பிரியங்காவின் கல்யாண வேலை வந்தது. ஸ்டுடியோ எதுவும் நடுவில் இல்லாமல், நேராக அமுதவல்லியைத் தேடி வந்த முதல் வேலை. படம் முடிகிற இடத்தில் அவள் பேர்தான் வரும். கேமராக்காரன் படத்தையெல்லாம் இவள் கம்ப்யூட்டரில் கொட்டிவிட்டு, தன் கார்டுகளை அழித்துக்கொண்டு அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்விட்டான். இன்னொரு காப்பி எடுத்து வைக்க வேண்டும், வைக்க வேண்டும் என்று அமுதவல்லி தினமும் நினைத்தாள், நினைத்ததோடு சரி. ஆக, அந்தக் கல்யாணம் மொத்தமும் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, அவளுடைய ஹார்டு டிஸ்க்கில். இரண்டு வாரம் தாண்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரியங்கா புருசனோடு புனேவுக்கு ரயில் ஏறுகிறாள். அதற்குள் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாமல் போனால் கல்யாணத்தைத் திரும்ப நடத்தச் சொல்லவா முடியும்? மாப்பிள்ளையின் சித்தப்பா சாம்பாருக்காக ஒரு சண்டை, நாற்காலிக்காக ஒரு சண்டை என்று போட்டுவிட்டுப் போயிருந்தார். இன்னொரு தடவை கூப்பிட்டால் மனிதர் வரவும் மாட்டார்.

வேலை ஆரம்பித்த முதல் நாளே கம்ப்யூட்டர் அணைந்தது. ஆறவிட்டுப் போட்டாள், தாலி கட்டுகிற இடத்தில் மறுபடி அணைந்தது. பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை வைத்தாள். பல்லி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"பேசாம அதுக்கும் சேத்து ஒரு எளநி வெட்டி ஊத்து," என்றான் மாதவராஜ். அவள் புருசன். நல்லவன்தான், ஆனால் வாயைத் திறந்தால் இப்படித்தான் வரும். கம்ப்யூட்டரை அவன் ஒரு நாளும் கம்ப்யூட்டர் என்று சொன்னதில்லை. பொட்டிதான். "பொட்டி இன்னிக்கு எத்தினி வாட்டி மயக்கம் போட்டுது?" என்று கேட்டுக்கொண்டேதான் தோட்டத்திலிருந்து வருவான்.

"ஏங்க, காத்து நாலு பக்கமும் போவணும். இதுல ஒரு பக்கமும் போவல. நான் என்னாதான் பண்றது?"

"நாலு பக்கமும் காத்து போறதுன்னா தக்காளி கிரேடுதான்," என்றான் அவன் கிண்டலாக.

அமுதவல்லி கிண்டலைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. மூலையில் அடுக்கியிருந்த கிரேடுகளைத் திரும்பிப் பார்த்தாள். சிவப்பு பிளாஸ்டிக், பக்கமெல்லாம் ஓட்டை, அடியிலும் ஓட்டை. பழம் மூச்சு முட்டக் கூடாது என்று யாரோ கவனமாக யோசித்துச் செய்த பெட்டி. ஓசூர்ப் பெட்டிக்கு இல்லாத புத்தி இதற்கு இருந்தது.

மறுநாளே கண்ணாடிப் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிப் பாயில் பரப்பிவிட்டாள். மதர்போர்டை உட்கார வைக்க ஒரு பலகை வேண்டும். கல்யாணத்தில் யாரோ கொடுத்த சப்பாத்திப் பலகை பரணில் கிடந்தது. களி தின்கிற வீட்டில் அதற்கு வேறு வேலை இல்லை. சொட்டுநீர்க் குழாயை விரல் கடை அளவுக்குத் துண்டு போட்டுப் பலகைக்கும் போர்டுக்கும் நடுவில் கொடுத்து ஸ்குரூ முடுக்கினாள். ஆக்ஸா பிளேடால் கிரேடின் ஒரு பக்கத்தை அறுத்துப் பெரிய ஃபேனைப் பொருத்தினாள். கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, வேண்டிய இடத்தில் எல்லாம் ஓட்டை போட்டாள். வீடு முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம். ஹார்டு டிஸ்க்கை அடியில் படுக்க வைத்து, வயர் கட்டுகிற டேக்கால் இறுக்கிக் கட்டினாள்.

சப்பாத்திப் பலகையை ஏழு வருடமாகத் திரும்பிப் பார்க்காத மாதம்மாளுக்கு அன்றைக்குப் பார்த்து அதன் மேல் பாசம் பொங்கியது. "நாளைக்குச் சப்பாத்தி போடலாம்னு இருந்தனே. அதுலயா ஓட்டை போட்ட?"

"நாளைக்குக் களி கிண்டிக்கலாம் அத்தை."

"தெனமும் அதானே," என்று மாதம்மாள் போய்விட்டாள்.

கிரேடுக்குள் கம்ப்யூட்டர் ஓடியது. மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் போட்டாள், சாயங்காலம் மாடு கறக்கிற நேரம் வரைக்கும் ஒரு தடவைகூட அணையவில்லை. அமுதவல்லிக்கு வந்த சந்தோசத்தில் மாதவராஜை இழுத்து வந்து ஃபேன் காற்றில் அவன் கையை வைக்கச் சொன்னாள். "ஜில்லுனுதான் வருது. ராத்திரி நானும் இதுக்குள்ளயே படுத்துக்கறன்," என்றான் அவன்.

அடுத்த இரண்டு வாரமும் மின்சாரம் போன நேரம் தவிர வேலை நிற்கவில்லை. சித்தப்பாவின் சாம்பார்ச் சண்டையை வெட்டினாள், தாலி கட்டுகிற இடத்தில் மேளத்தைச் சேர்த்தாள், அழுத பெரியம்மாவைக் கொஞ்சம் குறைவாக அழவைத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் படம் முடிந்துவிட்டது. கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்துப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

பக்கத்துக் காட்டில் டிராக்டர் ஓட்டியதில் புழுதி கிளம்பி ஃபேன் முழுக்கச் செம்மண். அமுதவல்லி கிரேடை வாசலுக்குத் தூக்கி வந்து, பைக் டயருக்குக் காற்றடிக்கிற பம்பால் ஊதினாள். ஊதி முடிக்கிற நேரத்தில் பிரியங்கா போன் பண்ணினாள். வாசலில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், பேசத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போக வேண்டும். மறுபடி புழுதி படக் கூடாதே என்று, மாதம்மாள் பக்கத்தில் வைத்திருந்த பேப்பர்க் கட்டிலிருந்து நாலைந்து தாளை உருவிக் கிரேடின் உள்பக்கம் சுற்றிலும் செருகி, மேலேயும் ஒரு தாளை மடித்து மூடிவிட்டு ஓடினாள்.

அன்றைக்கு மண்டிக்குத் தக்காளி போகிற நாள். வாசலெல்லாம் கிரேடு. தக்காளி அடிபடாமல் இருக்க ஒவ்வொரு கிரேடிலும் உள்பக்கம் சுற்றிலும் பேப்பர் செருகியிருந்தார்கள். கண்ணுள்ள யாருக்கும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும். அமுதவல்லி போனைப் பார்த்துக்கொண்டு ஓடினாள்.

பிரியங்காவுக்குச் சித்தப்பா சண்டை திரும்ப வேண்டுமாம். இப்போது எல்லாரும் அதை நினைத்துச் சிரிக்கிறார்களாம். முடியாது என்று புரியவைத்துவிட்டுத் திரும்பி வந்தால், வாசல் வெறிச்சென்று கிடந்தது. வண்டி போன தடம் மட்டும் இருந்தது.

"அத்தை, இங்க ஒரு கிரேடு வச்சிருந்தனே?"

"பேப்பர் போட்டு அரைகுறையா வச்சிருந்தியே, அதா?" மாதம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாதிக்கு மேல காலி. வண்டிக்காரன் வந்து அவசரப்படறான். நாந்தான் பேப்பர் மேலயே பழத்தைப் போட்டு ரொப்பி ஏத்தி வுட்டன். நீகூட இப்பத்தான் வேலை கத்துக்கற. பரவால்ல, பேப்பர் நல்லாத்தான் மடிச்சிருந்த."

அமுதவல்லிக்கு மாதம்மாளைத் திட்டக்கூட நேரமில்லை. காலையிலேயே மண்டிக்குப் போயிருந்த மாதவராஜுக்குப் போன் போட்டுக்கொண்டே ஸ்கூட்டியைக் கிளப்பினாள். மண்டிச் சத்தத்தில் அவன் எடுக்கவில்லை. வழியில் இருந்த ஒவ்வொரு வேகத்தடையிலும், இதே வேகத்தடையில் குட்டியானை வண்டி குதித்திருக்குமே என்று நினைத்து நினைத்துப் போனாள்.

மண்டியில் ஒரு வழக்கம். வாங்க வருகிற வியாபாரி கிரேடுக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் கிடக்கிற பழத்தை எடுத்துப் பார்ப்பான். மேலே கண்ணைப் பறிக்கிற பழத்தை அடுக்கிவிட்டு அடியில் சொத்தையைப் போடுகிற புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் உண்டு. மாதவராஜ் கிரேடில் மட்டும் யாரும் கையை விட மாட்டார்கள். அவன் அப்பா காலத்திலிருந்தே அப்படி. மண்டிக்காரர் தமிழ்ச்செல்வன், "இது மாதவன் பழம்" என்பார், ஏலம் ஆரம்பித்துவிடும். மாதவராஜுக்கு நகை நட்டு, கார் பங்களா எதுவும் கிடையாது. இருந்தது இது ஒன்றுதான்.

அன்றைக்கு ஓசூரிலிருந்து முருகேஷ் என்று ஒரு புது வியாபாரி வந்திருந்தான். அவனுக்கு மாதவன் யார், மண்ணாங்கட்டி யார்? ஒரு கிரேடில் கையை விட்டான். விரல் கிழிந்து ரத்தம் வந்தது.

அமுதவல்லி போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. நடுவில் கிரேடு. மேல் பழத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். வேகத்தடைகளில் நசுங்கிய தக்காளியின் தோல் ஃபேனில் ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. முருகேஷ் விரலில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "நானும் எத்தினியோ மண்டி பாத்துட்டன். தக்காளியில எலும்பு இருந்து இப்பத்தான் பாக்கறன்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். இது வெடிகுண்டு என்று ஒருவர் சொன்னார். வெடிகுண்டு என்று சொன்னவர் நகராமல் இன்னும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

மாதவராஜ் பக்கத்தில் நின்றிருந்தான். "சொல்றன் இல்லீங்களா, என் சம்சாரத்தோட கம்ப்யூட்டருங்க. தெரியாம ஏத்திட்டாங்க."

"கம்ப்யூட்டரு எங்கிட்டயும் இருக்குது. பில்லு போட," என்றார் தமிழ்ச்செல்வன். "அது என்னா, கிரேடுலயா இருக்குது? அடியில சப்பாத்திக் கட்டை வச்சா இருக்குது? யாரு காதுல பூ சுத்தற மாதவா? எடைக்கு இரும்பு போட்டிருக்கன்னு இவங்க எல்லாம் சொல்றாங்க. எனக்கு அப்படி நெனக்கப் புடிக்கல. ஆனா வேற எப்படி நெனக்கறது?"

அமுதவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "என்னோடதுங்க. கல்யாண வீடியோ பண்றன். வெய்யிலுக்காக நாந்தான் கிரேடுல மாத்தி வச்சன்."

"அப்பச் செரி. எனக்கும் நிம்மதி," என்றார் தமிழ்ச்செல்வன். "உள்ள என் கம்ப்யூட்டரோட டிவி இருக்குது, ப்ளக்கு தோ இருக்குது. போட்டுக் காட்டும்மா. ஓடுச்சுன்னா இத்தினி பேரு முன்னாடி நான் மாதவன்கிட்ட மன்னிப்புக் கேக்கறன்."

"இப்பப் போட முடியாதுங்க. ஈரமா இருக்குது. ரெண்டு நாள் காயணும்."

கூட்டம் சிரித்தது. முருகேஷ், "காஞ்சப்புறம் வத்தலா விப்பீங்களா?" என்றான்.

அமுதவல்லி குனிந்து பார்த்தாள். சாறு தேங்கின இடத்தில்தான் ஹார்டு டிஸ்க் கிடந்தது. அதை மட்டும் கழற்றித் தமிழ்ச்செல்வன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டலாம் என்றாலும் முடியாது, அதுவும் நனைந்திருந்தது. ஈரத்தோடு கரண்டு கொடுத்தால் எல்லாம் கருகிப் போகும். பிரியங்காவின் கல்யாணம் போகும், அமுதவல்லியின் பேரும் அதோடு போகும். திரும்பவும் பாலக்கோட்டு ஸ்டுடியோக்களின் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். அவர்களும் விசயத்தைக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

நிமிர்ந்து புருசனைப் பார்த்தாள். எப்போதும் ஏதாவது கிண்டல் சொல்கிறவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு பேர் முன்னால் அவன் இப்படித் தலையைக் குனிந்து அவள் பார்த்ததில்லை. போனால் போகிறது என்று ஒரு முடிவுக்கு வந்தாள். பிரியங்கா காலில் விழலாம். ஒரு நிமிசம் ஃபேன் சுற்றினால் போதும், மண்டிக்காரர் தன் கண்ணால் பார்த்துவிடுவார். அப்புறம் கருகட்டும்.

"வயர் குடுங்க," என்றாள்.

யாரோ வயரை நீட்டினார்கள். வாங்கினவள் செருகாமல் அதன் முனையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். மாதவராஜ் அந்தக் கையைப் பார்த்தான். கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "ஈரத்துல போட்டா என்னா ஆவும்?" என்றான்.

"போயிடும்."

"அந்தப் பொண்ணு கல்யாணமா?"

"எல்லாந்தான். பரவால்ல, வுடுங்க. போடறன்."

அவன் அவள் கையிலிருந்து வயரைப் பிடுங்கினான். துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு தமிழ்ச்செல்வன் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணும் போட வேணாங்க. கம்ப்யூட்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எடைக்குத்தான் போட்டன். வூட்ல கெடந்த பழைய இரும்பு. அவ எனக்காகப் பொய் சொல்றா."

அமுதவல்லி வாயைத் திறந்தாள். மாதவராஜ் செருப்புக் காலால் அவள் காலை நன்றாக மிதித்தான். கூட்டத்துக்குத் திருப்தி. கம்ப்யூட்டர்க் கதையை நம்பத்தான் கஷ்டமாக இருந்தது. திருட்டு என்றதும் எல்லாருக்கும் சுலபமாகப் புரிந்தது. எனக்கு அப்பவே தெரியும் என்று வெடிகுண்டுக்காரர் சொன்னார்.

தமிழ்ச்செல்வன் குனிந்து கிரேடை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "இனிமே உன் கிரேடு ஒண்ணொண்ணும் தரையில கொட்டிப் பாத்துட்டுத்தான் ஏலம். இஷ்டமிருந்தா எடுத்துட்டு வா," என்றார். மாதவராஜ் தலையாட்டிவிட்டு, தக்காளிச் சாறு சொட்டச் சொட்டக் கிரேடைத் தூக்கிக்கொண்டு நடந்தான். முழங்கையில் ஒழுகினதைத் துடைக்கவும் இல்லை.

வீட்டில் அமுதவல்லி எல்லாவற்றையும் கழற்றி, மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்து, நிழல் காற்றில் துணி விரித்துப் பரப்பினாள். மாதம்மாள் கையில் குச்சியோடு காவலுக்கு உட்கார்ந்தாள். காக்காயைத் தவிர யாரையும் அவள் அன்றைக்குத் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரேடுக்குள் திரும்ப மாட்டிப் போட்டபோது ஃபேன் சுற்றியது, படம் முழுசாக இருந்தது. சூடு ஏறினால் லேசாக ரசம் வாசனை வந்தது, அவ்வளவுதான். பிரியங்கா வந்து வாங்கிக்கொண்டு, கடைசியில் ஓடிய அமுதவல்லியின் பேரைப் போட்டோ எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனாள்.

அவள் போனதும் அமுதவல்லி, "வாங்க, இப்பவே மண்டிக்குப் போவலாம். பொட்டியைத் தூக்கிட்டுப் போயிப் போட்டுக் காட்டறன்," என்றாள். பொட்டி என்று சொன்னதை அவளே கவனிக்கவில்லை.

"போட்டுக் காட்டி?"

"நீங்க திருடலன்னு தெரியும்ல?"

"ஆமா, பொண்டாட்டியோட பொட்டிக்காவப் பொய் சொன்னான்னு தெரியும். அதுக்கப்புறம் மண்டியில ஒரு பயல் என்னை மதிப்பானா? திருடன்னாலும் ஒரு கெத்து இருக்குது." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் களி அப்படியே காய்ந்தது. அவள் கேட்டதற்கு, வெயில் என்றான்.

அடுத்து மண்டிக்கு வண்டி கிளம்பினபோது அமுதவல்லியும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவன் நகர்ந்து இடம் விட்டான்.

மண்டியில் சாக்கை விரித்து மாதவராஜின் முதல் கிரேடைக் கவிழ்த்தார்கள். தக்காளி உருண்டு ஓடியது. வியாபாரிகள் குனிந்து கிளறினார்கள். சொத்தை ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் இரண்டாவதையும் கவிழ்த்தார்கள். மாதவராஜ் மண்டியிட்டு உட்கார்ந்து, உருண்ட பழங்களைப் பொறுக்கித் திரும்பக் கிரேடில் அடுக்கிக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்ச்செல்வன் அமுதவல்லியின் பக்கத்தில் வந்து நின்றார். குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. "அன்னிக்குப் புருசனுக்காவ நீ பொய் சொல்ல வந்தியே, அந்த ஒண்ணுக்காவத்தாம்மா இவனை உள்ள வுட்டன். இப்படி ஒருத்தனைக் கட்டிக்கிட்டு எப்படித்தான் காலந்தள்ளறியோ. கஷ்டந்தான், இல்ல?"

மாதவராஜ் தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவ்வளவு நடந்தும் அவள் உண்மையைச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்தான் அந்தக் கண்ணில் இருந்தது. அவளுக்கு அந்த மண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி அவன் யார் என்று கத்த வேண்டும் போல் இருந்தது.

"ஆமாங்க, கஷ்டந்தாங்க," என்றாள் அமுதவல்லி. சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து தக்காளியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.